பாக்கியத்துக்கு எழுத்து வராது

5 ஏப்ரல் 1943, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மழை வரும்போல் இருந்தது, வரவில்லை. தோட்டப் பள்ளிக்கூடக் கடிகாரத்தை மறுபடி தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்தேன். ஜப்பான்காரன் வந்ததிலிருந்து மலாயா முழுதும் அந்த நேரம்தான். யாரோ பழைய நேரத்துக்கு மாற்றிவிடுகிறார்கள்.

வந்த பிள்ளைகள் பத்தொன்பது. மற்றவர்கள் மரவள்ளி நடப் போய்விட்டார்கள். சாக்கட்டி இரண்டு துண்டு பாக்கி.

மாலை பீடோங் டவுனில் ஆசிரியர்களுக்கான ஜப்பான் மொழி வகுப்பு. மூன்றாவது வாரம். எழுத்தெல்லாம் வந்துவிட்டது. வாக்கியம்தான் வாயில் நிற்கவில்லை. 'தண்ணீர் கொண்டு வா' சொல்லச் சொன்னார்கள். நான் ஆங்கிலத்தை மனதில் வைத்து முன்பின்னாக, "மொத்தே கிதே மிசு" என்றேன். ஜப்பான் வாத்தியார் மேசையை ஒரு தட்டு தட்டினார். அறைந்திருந்தால்கூடத் தேவலை.

பதினாறாம் தேதி பரீட்சை. தேறாதவனுக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவனைச் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோய்விடுவார்கள். போனவர்களைப் பற்றித் தகவலே இல்லை.

தேறிவிடுவேன். இதுவரை தேறாத பரீட்சை இல்லை.

6 ஏப்ரல், செவ்வாய்

வெயில். பெரிய பங்களாவுக்குப் போனேன், பிள்ளைகள் உட்காரப் பழைய சாக்கு கேட்க. இப்போது ஜப்பான் அதிகாரி இருக்கும் வீடு. உள்ளேயிருந்து ஏதோ கத்தினான். வாளியோடு நின்ற பாக்கியம் ஒரு முழு வாக்கியத்தில் ஜப்பான் மொழியிலேயே பதில் சொன்னாள். அவன் அடங்கிவிட்டான்.

பாக்கியம், தொழிலாளர் வரிசைவீடுகளில் ஐந்தாம் லயத்து முத்தையாவின் மனைவி. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள், இப்போது பங்களாவுக்குத் தண்ணீரும் சுமக்கிறாள். என்னைவிட ஏழெட்டு வயது மூப்பு. சண்டைக்கு முன் பெரியவர்களுக்கு நான் நடத்திய மாலை வகுப்புக்கு ஒரு மாதம் வந்தாள். பதிவேட்டில் நான் எழுதியது: எழுத்து வராது, நிறுத்தப்பட்டது.

"எங்கே கத்துக்கிட்டே?"

"கத்துக்கிறதா? காதுல விழுது, சொல்றேன். நம்ம பேச்சு மாதிரியேதான் போகுதுங்க வாத்தியாரே."

"எப்படி?"

"மிசுன்னா தண்ணி. மொத்தேன்னா கொண்டு. கிதேன்னா வா. நடுவுல ஒரு 'ஒ' வரும். நாம 'தண்ணிய'ன்னு இழுக்கிறோமில்ல, அது. மிசு ஒ மொத்தே கிதே. தண்ணியக் கொண்டு வா. அவ்வளவுதான்லா."

சாக்கைக் கேட்க மறந்து வந்துவிட்டேன். தமிழில் நினைத்தால் போதுமாம்! மூன்று வாரம் ஆங்கிலத்தைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன். படித்தவன் என்ற நினைப்பு.

8 ஏப்ரல், வியாழன்

வெட்கத்தை விட்டு ஐந்தாம் லயத்துக்குப் போனேன். சொல்லிக்கொடு என்றேன். முத்தையா அண்ணன் முறத்தில் கிழங்கு காயவைத்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. பாக்கியம் யோசித்தாள்.

"எனக்கு நீங்க எழுத்து சொல்லிக் குடுங்க."

பிறகு அவளே, "எனக்குத்தான் ஏறாதே. நீங்கதானே சொன்னீங்க" என்றாள். கோபமாக இல்லை. மழை பெய்தது என்பதுபோல.

"நான் சொன்னது தப்புக்கா." அக்கா என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

"முழுசா வேணாம். பேரு படிக்கத் தெரிஞ்சா போதும். பக்கத்துத் தோட்டத்துல சயாமுக்குப் போறவங்க லிஸ்ட்ட ஆபீஸ் சுவத்துல ஒட்டினாங்களாம். இங்கேயும் ஒட்டுவாங்க. எங்க வீட்டுக்காரர் பேரு அதுல இருந்தா, அடுத்தவங்க வந்து சொல்லியா நான் தெரிஞ்சுக்கணும்?"

11 ஏப்ரல், ஞாயிறு

மாலையில் நல்ல மழை. காலை பாக்கியம் அக்கா எனக்குப் பேச்சு சொல்லிக்கொடுத்தார், பிறகு நான் அவருக்கு எழுத்து. ('அவர்' என்றே எழுத வருகிறது.)

அந்தப் பழைய மாலை வகுப்பில் 'அ'வைச் சிலேட்டில் நூறு தடவை எழுதச் சொன்னேன். அவர் கை மரத்துப்போனது. எழுத்து வராது என்று முடிவு கட்டினேன். இன்று தரையில் குச்சியால் 'முத்தையா' என்று நானே எழுதிக் காட்டினேன். அடுத்து லயத்து ஆட்கள் முனியாண்டி, முருகாயி. அக்கா மூன்றையும் பார்த்தார்.

"எல்லா வீட்டுலயும் ஒரு 'மு' இருக்குது!"

ஒரு மணி நேரத்தில் பதினோரு எழுத்து. மனப்பாடம் இல்லை, ஆளை அடையாளம் தெரிவதுபோல் தெரிகிறது.

வீட்டுக்கு வந்து பழைய பதிவேட்டை எடுத்தேன். இன்னும் ஆறு பெயர்களுக்கு எதிரே அதே வாக்கியம். என் கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கிறது.

15 ஏப்ரல், வியாழன்

வருஷப் பிறப்பு வந்து போனதே தெரியவில்லை. சர்க்கரை இல்லை. செருப்பு வார் அறுந்தது. அக்கா லயத்துப் பெயர்களை எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். 'ண', 'ன' குழப்பம். எனக்குமே சில நேரம்.

16 ஏப்ரல், வெள்ளி

தேறினேன்.

காலையில் என்ன செய்தாய் என்று ஜப்பான் வாத்தியார் கேட்டார். தமிழில் நினைத்தேன், அந்த வரிசையிலேயே சொன்னேன். "யோஷி" என்றார். சரி என்று அர்த்தம். பன்னிரண்டு பேரில் மூவர் தேறவில்லை. ஒருவர் யான் என்ற ஊர்ப்பக்கத்து வாத்தியார், மூன்று பிள்ளைக்காரர். அவர் முகத்தைப் பார்க்கவில்லை நான்.

20 ஏப்ரல், செவ்வாய்

தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி கூப்பிட்டார். சயாம் பட்டியல், ஆறு பெயர். தமிழில் பெரிதாக எழுதித் தரவேண்டும், ஜப்பான் உத்தரவு. லாரி வியாழன் காலை. எழுதிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய.

மதியம் ஒட்டினார்கள். அக்கா வாளியோடு வந்தார். நான் வாய் திறப்பதற்குள், "சொல்லாதீங்க" என்றார்.

சுவரை ஒட்டி நின்று விரல் வைத்துப் போனார். மூன்றாவது வரியில் விரல் நின்றது.

"மு..."

விரல் அடுத்த எழுத்துக்கு நகர்ந்தது.

"முனி... முனியாண்டி." கடைசி வரி வரை போய்த் திரும்பினார். "எங்க வீட்டுக்காரர் பேரு இல்ல. இல்லதானே வாத்தியாரே?"

"இல்லக்கா."

சிரிக்கவில்லை. லாரி எப்போது என்று மட்டும் கேட்டார், வியாழன் காலை என்றேன். வாளியை அங்கேயே வைத்துவிட்டு லயத்துப் பக்கம் நடந்தார். ஆறு வீட்டு வாசலிலும் நின்று சொல்லியிருக்கிறார்: வியாழன் காலை லாரி, நாளை ஒரு நாள் இருக்கிறது.

22 ஏப்ரல், வியாழன்

தூறல். லாரி வந்தது. நான்கு பேர் ஏறினார்கள். அவர்களில் ஒருவன் என்னிடம் படித்தவன். முனியாண்டியும் இன்னொருவரும் லயத்தில் இல்லை. எங்கே என்பதை இங்கேகூட எழுதப்போவதில்லை.

கிராணிக்கு ஆத்திரம். "எவனோ முன்னாடியே சொல்லியிருக்கான். யாருய்யா அவன்?"

"சுவத்துலதான் ரெண்டு நாளா இருந்துச்சே சார். படிச்சிருப்பாங்க."

"யாரு, இந்த லயத்து ஆளுங்களா?"

வயிறு குலுங்கச் சிரித்தார். நம்பவே இல்லை.