மார்ச் முப்பத்தொன்று வரை

ரெட்டியார்பாளையம், புதுச்சேரி
12 ஜனவரி 2026

அன்புள்ள வினோத்,

உன் மெயில் கிடைத்தது. கவிநிலாவுக்கு முதல் பல் வந்த செய்தியைக் கடைசி வரியில் போய் எழுதியிருக்கிறாயே, அதை முதலில் எழுதக் கூடாதா? லியோன் குளிரில் பிள்ளைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் 'செவிநூல்' மென்பொருள் விஷயத்துக்கு வருகிறேன். நாம் எழுதும் நிரல்களைச் சேர்த்துக் கட்டி மென்பொருளாக்கித் தரும் பில்ட் டூல் பழசாகிவிட்டது, புதியதற்கு மாற வேண்டும் என்கிறாய். நியாயம்தான். ஒரு தடவை கட்டி முடிக்க நாற்பது நிமிடம் ஆகிறது. இலவசமாக உதவ வருகிறவர்களும் அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். ஆனால் புதிய டூல் கட்டித் தருவது பழைய விண்டோஸ் கணினிகளில் திறக்கவே திறக்காது. எங்கள் பள்ளியில் பார்வையற்ற பிள்ளைகளுக்கு இருப்பதெல்லாம் அந்தப் பழைய கணினிகள்தான்.

இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பில் நான்கு பேர், எழுதித் தர ஆள் வைத்துக்கொள்ளாமல், செவிநூல் கேள்வியைப் படித்துச் சொல்ல, தாங்களே தட்டச்சு செய்து தேர்வு எழுதப்போகிறார்கள். இந்த அனுமதிக்காக ஒன்றரை வருடம் அலைந்தேன். அவர்களில் அபி என்று ஒருத்தி. அவள் அப்பா இராமதாஸ், முன்பு மில்லில் வேலை பார்த்தவர், இப்போது ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். "எம் பேப்பர நானே எழுதுவேன் மிஸ். மார்க்கு கொறஞ்சாலும் அது என்னுதுதான?" என்கிறாள்.

மார்ச் 31 வரை பொறு. ஏப்ரலில் நானே உட்கார்ந்து மாற்றித் தருகிறேன்.

அன்புடன்,
செல்வி


லியோன், பிரான்ஸ்
19 ஜனவரி 2026

அன்புள்ள செல்விக்கு,

நீ கேட்டு நான் இல்லையென்று சொன்னதுண்டா? காலேஜில் பார்த்து எழுத என் லேப் ரெக்கார்டு முதலில் உன் கைக்குத்தானே வரும்! மார்ச் 31 வரை அந்த டூலில் கை வைக்க மாட்டேன். சத்தியம். நிம்மதியாக உன் பிள்ளைகளைத் தயார் செய்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ நான்கு பேரைப் பார்க்கிறாய். நான் செவிநூலைப் பயன்படுத்தும் இருபதாயிரம் பேரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. உன்னால் அப்படிப் பார்க்க முடியாது. அது உன் குறையில்லை, உன் சுபாவம்.

அபிக்கு என் வாழ்த்துகளைச் சொல்.

என்றும் உன் நண்பன்,
வினோத்குமார்


ரெட்டியார்பாளையம்
14 மார்ச் 2026

வினோத்,

போன சனிக்கிழமை டூலை மாற்றிப் புதிய பதிப்பை வெளியிட்டிருக்கிறாய். எனக்கு ஒரு வரி எழுதவில்லை. நான் தேர்வு வேலையில் எதையும் திறந்து பார்க்கவில்லை.

ஞாயிறு மாலை, கணினிகளைச் சரிபார்க்க அரை மணி நேரம் இணையத்தை இணைத்தேன். அதற்குள் புதிய பதிப்பு தானாக இறங்கிவிட்டது. அப்போது ஓடிக்கொண்டிருந்தது பழையதுதான், நன்றாகவே பேசியது. அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

திங்கள் காலை பத்து மணிக்கு வினாத்தாளை ஏற்றினார்கள். மறுபடி போட்டதும் புதிய பதிப்புதான் வந்திருக்கிறது; நான்கு கணினியும் பேசவில்லை. பழைய பதிப்பு என் வீட்டு லேப்டாப்பில் இருந்தது. தேர்வு தொடங்கிய பிறகு வெளியிலிருந்து எதையும் அறைக்குள் கொண்டுபோக முடியாது. எழுத ஆள் தேடி உட்கார வைக்க ஒன்றேமுக்கால் மணி நேரம் போய்விட்டது.

அபி முதல் பத்து நிமிடம் கையையே தூக்கவில்லை. "லேட்டா பேசும்னு நெனச்சி ஹெட்போனோட ஒக்காந்திருந்தேன் மிஸ். அப்பறம் பக்கத்துல யாரோ அழுவுற சத்தம் கேட்டுது. அப்பதான் தெரிஞ்சிது" என்றாள்.

மறுநாளே பழையதைப் போட்டுவிட்டேன். ஆனால் கணினிக்கான அனுமதியை நிறுத்திவிட்டார்கள். மீதித் தேர்வுகளை ஆள் வைத்துத்தான் எழுத வேண்டும். மூன்று பேர் எழுதுகிறார்கள். அபி வரவில்லை. நேற்று வீட்டுக்குப் போனேன். இராமதாஸ் வாசலிலேயே நின்றுகொண்டார். "உங்கள குத்தம் சொல்லல டீச்சர். ஆனா இனிமே அவகிட்ட வந்து எதையும் நம்பச் சொல்லாதீங்க" என்றார். அவள் உள்ளேதான் இருந்தாள். என் குரல் கேட்டும் வரவில்லை.

உன் சத்தியத்தை நம்பித்தான் தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்தாமல் விட்டிருந்தேன். ஏன் இப்படிச் செய்தாய்? அதை மட்டும் சொல்.

செல்வி


லியோன்
2 ஏப்ரல் 2026

அன்புள்ள செல்விக்கு,

உடனே பதில் எழுத முடியவில்லை, மன்னித்துக்கொள். கவிநிலா இப்போது வீடெல்லாம் தவழ்கிறாள். ஒரு நிமிடம் உட்கார விடுவதில்லை.

ஏன் என்று கேட்டிருந்தாய். பிரஸ்ஸெல்ஸில் ஒரு மாநாட்டில் பேச விண்ணப்பித்திருந்தேன். மென்பொருள் புதிய டூலில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கடைசி நாள் மார்ச் எட்டு. முன்கூட்டியே சொன்னால் நீ தடுப்பாய், அழுவாய். அதனால்தான் சொல்லவில்லை. உன்னிடம் மறைக்க எனக்கு என்ன இருக்கிறது?

ஆனால் ஒன்றை நீயும் ஒத்துக்கொள்ள வேண்டும். தேர்வுக்கு முந்தின நாள் இணையத்தை இணைத்தது நீ. முதல் வருட மாணவன்கூட அப்படிச் செய்ய மாட்டான். இதை நான் வெளியில் யாரிடமும் சொல்லப்போவதில்லை; நம் நட்பு எனக்கு முக்கியம். மூன்று பேர் எழுதிவிட்டார்கள்தானே? நான்காமவள் வராதது அவள் எடுத்த முடிவு. அதற்கு நானும் பொறுப்பில்லை, டூலும் பொறுப்பில்லை.

உனக்குக் கொஞ்சம் ஓய்வு தேவை என்று தோன்றுகிறது. அதனால் பொறுப்பாளர் பட்டியலிலிருந்து உன் பெயரை எடுத்து, 'முன்னாள் பங்களிப்பாளர்கள்' என்ற தலைப்பின் கீழ் முதலாவதாகப் போட்டிருக்கிறேன். உன் பாஸ்வேர்டு இன்று முதல் வேலை செய்யாது. தவறாக நினைக்காதே.

நல்ல செய்தியும் உண்டு. என் உரையைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்! மே மாதம் பேசுகிறேன். முதல் ஸ்லைடில் அபியைப் போடலாம் என்றிருக்கிறேன். ஹெட்போன் மாட்டிக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்த மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. கண் தெரியாதது பார்த்தவுடன் தெரிய வேண்டும், கறுப்புக் கண்ணாடி வேண்டாம். சிரித்தால் இன்னும் நல்லது.

வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

என்றும் உன் நண்பன்,
வினோத்குமார்