குத்தகைப் புல்

இன்று காலை கரையான்சாவடி சிக்னலில் நான் ஏறி வந்த ஷேர் ஆட்டோவுக்குப் பக்கத்தில் ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. பின்னால் பச்சைப் புல், கட்டுக் கட்டாக, நுனியில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. டீசல் புகையையும் மீறி அறுத்த புல்லின் வாசனை என்னிடம் வந்தது. விளக்கு மாறி வண்டி போன பிறகும் அந்த வாசனை போகவில்லை. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் இறங்கினேன். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

என் வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து ஆவடி குவார்ட்டர்ஸுக்கு நாங்கள் குடிவந்த புதிது. கைக்குழந்தைக்கு நல்ல பால் தேடி, யாரோ வழி சொல்ல, கோவில்பதாகைப் பக்கம் விடிகாலையில் நடந்து வந்தேன். புல்லின் மேல் பனி இறங்கியிருந்தது. எருமைகளின் முதுகு மட்டும் தெரிந்தது, தண்ணீருக்கு மேல் கொஞ்சம் தலைகாட்டும் பாறைகளைப் போல. அந்தப் பனிக்குள்ளிருந்து தலையில் புல்லுக்கட்டோடு நீ வந்தாய்.

“இன்னாமே, எந்த ஊரு?”

“திருநெல்வேலி.”

அன்றிலிருந்து நான் உனக்குத் தின்னவேலிதான். என் பெயரை நீ கேட்டுக்கொள்ளவே இல்லை.

நமக்கு ஏறக்குறைய ஒரே வயது. உன் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டினார். மாடுகள் உன்னுடையவை, நிலம் உன்னுடையதல்ல. அது அண்ணாநகரில் இருந்த ஒரு பெரியவருடையது. அதை நீ குத்தகைக்கு எடுத்து முழுக்கத் தீவனப் புல் போட்டிருந்தாய். கிணற்று மோட்டாருக்கு விவசாயக் கரண்ட், இலவசம். அந்த இணைப்பு பெரியவர் பேரில் இருந்தது. பால் சங்கத்தில் தீவன மூட்டையைச் சலுகை விலைக்குக் கொடுத்தார்கள். சாயங்காலங்களில் மோட்டார் ஓடும்போது தொட்டிக்குள் காலைத் தொங்கவிட்டு நாம் உட்கார்ந்திருப்போம். என் மகள் எருமைகளோடு பேசிக்கொண்டிருப்பாள். உன்னை அவள் அத்தை என்றுதான் கூப்பிட்டாள். எத்தனை வருஷம் அப்படி உட்கார்ந்தோம் என்று இப்போது யோசித்தால், எல்லாம் ஒரே நீளமான சாயங்காலம் மாதிரித்தான் தோன்றுகிறது.

பிறகு ஊர் நம்மைச் சுற்றி வளர்ந்தது. நாலு பக்கமும் அடுக்குமாடி எழும்பியது. இது இனி நகரம் என்று சொல்லி அந்தக் கிணற்றுக்கு இலவசக் கரண்டை நிறுத்தினார்கள். அந்த வருஷ மழைக்காலத்தில் தீவனச் சலுகையும் நின்றது. உடனே பெரியவரிடமிருந்து போன் வந்தது, குத்தகையைப் பற்றிப் பேச வேண்டும் என்று.

“நீ ஒண்ணும் பேச வேணாம். சும்மா பக்கத்துல நில்லு,” என்று சொல்லி என்னையும் கூட்டிக்கொண்டு போனாய்.

பெரியவர் மரியாதையாகத்தான் பேசினார். காபி கொடுத்தார். “சலுகை எல்லாம் போயிடுச்சும்மா. எனக்கும் கட்டுப்படியாகலை. குத்தகையைக் கொஞ்சம் கூட்டித்தான் ஆகணும்.”

நீ டம்ளரைக் கீழே வைத்தாய்.

“கரண்டு ஃப்ரீ, கரண்டு ஃப்ரீன்னு சொல்லித்தான் சார் ஒவ்வொரு வாட்டியும் குத்தகைய ஏத்துனீங்க. நானும் குடுத்தேன். அப்போ அந்தச் சலுகை யாருக்கு வந்துச்சு? உங்களுக்குத்தானே. இப்போ அது பூட்ச்சு. ஏத்துனத எறக்குங்க. அதான் நாயம்.”

“இறக்கலைன்னா?”

“மாட்ட ஓட்டிகினு பூடுவேன். நெலம் சும்மா கெடக்கும்.”

“சும்மா கிடந்தா பிளாட் போட்டு வித்துட்டுப் போறேன்.”

“வித்துக்குங்க சார், உங்க நெலம். விக்கிற வரைக்கும் யாரு பாத்துக்குவா? பக்கத்து ஆளு வேலிய நகத்திப் போட்டா உங்களுக்கு யாரு வந்து சொல்லுவா?”

அவர் கணக்கு நோட்டை எடுத்துப் புரட்டினார். பிறகு குத்தகையை இறக்கினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நீ மட்டும் திரும்பி வரும்போது பஸ் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய். “எறக்கிட்டாரு. நல்ல வெலைக்கு ஆளு வந்துட்டா நம்ம கத அவ்ளோதான்மே,” என்றாய்.

குத்தகை இறங்கியும் பழையபடி ஓட்ட முடியவில்லை. பாதி எருமைகளை விற்றாய். நிலத்திலும் பாதிக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்தினாய். கல்யாண மண்டபங்களில் மிஞ்சிய வாழை இலையையும் மார்க்கெட்டில் கழித்துப் போட்ட முட்டைக்கோஸ் இலையையும் உன் வீட்டுக்காரர் ஆட்டோவில் கொண்டுவந்தார். அந்தப் பாதி நிலம் காய்ந்து கிடந்தது. அடுத்த மழையில் அதில் பேர் தெரியாத புல்லெல்லாம் முளைத்தது. நடுநடுவே சின்ன வெள்ளைப் பூக்கள், தும்பிகள், எங்கிருந்தோ வந்து இறங்கிய கொக்குகள். சுற்றிலும் கட்டடங்கள் நிற்க, நடுவில் அது மட்டும் கனவில் வந்த இடம் போலக் காற்றில் அசைந்தது. எருமைகள் வயிறு வரை அதற்குள் நின்று மேய்ந்தன.

“நா ஒண்ணுமே போடல பாரு. அதுவா வந்துகினு கீது,” என்றாய். உன் முகத்தில் அப்படி ஓர் அமைதியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

உடம்பு முடியாமல் நீ பூந்தமல்லி ஆஸ்பத்திரியில் படுத்தது அதற்கு அடுத்த தை மாதம். எருமைகள் உன் வீட்டுக்காரரை அண்டவிடவில்லை, செம்பை உதைத்துத் தள்ளின. கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும். அவற்றின் பால் நின்றால் உன் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வரும் காசும் நின்றுவிடும். நீ என்னைக் கூப்பிட்டாய்.

“எம்பொடவைய சுத்திகினு போமே. வாசம் புடிச்சா நிக்கும்.”

சின்ன வயதில் எங்கள் வீட்டுப் பசுவைக் கறந்திருக்கிறேன். எருமையைத் தொட்டதில்லை. உன் பழைய பச்சை நூல் புடவையைக் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். மூத்த எருமை புடவையை முகர்ந்தது. “நில்லுட்டி, அசையாத,” என்றேன். உடனே காலைத் தூக்கியது. புடவை உன்னுடையது, பேச்சு உன்னுடையது இல்லையே. பிறகு குரலைத் தாழ்த்தி உன்னைப்போல இழுத்துச் சொன்னேன். “இன்னாமே, கோச்சிகினியா? நாந்தாமே. நில்லு கண்ணு.” அதன் காது என் பக்கம் திரும்பியது. பால் சுரந்தது.

ஆஸ்பத்திரியில் இதைச் சொன்னபோது நீ சிரித்த சிரிப்பில் குளுகோஸ் குழாய் ஆடியது. “எங்க, இன்னொரு தபா பேசு,” என்றாய். கூச்சப்பட்டுக்கொண்டே பேசிக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாய்.

நீ போன அன்று காலையிலும் கறக்க வேண்டியிருந்தது. அதே புடவையில் போய் அதே வார்த்தைகளைச் சொன்னேன். மூத்தது அசை போட்டபடி நின்று, மூக்கை என் தோளில் வைத்தது. அதற்கு ஒன்றும் தெரியாது. நானும் சொல்லவில்லை.

நீ சொன்னபடியே நிலத்துக்கு ஆள் வந்தது. எருமைகள் திருவள்ளூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்றுக்குப் போயின. அந்த வீட்டுப் பெண்ணிடம் புடவையைத் துவைக்காமல் மடித்துக் கொடுத்தேன். எப்படிப் பேச வேண்டும் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, அவளும் உன்னைப்போலத்தான் பேசினாள். நிலத்தில் இப்போது வெள்ளைக் கல் நட்டு மனை பிரித்திருக்கிறார்கள். இன்னும் வீடு எழும்பாத மனைகளில் புல் இருக்கிறது.

நாங்கள் இப்போது காட்டுப்பாக்கத்தில் மகளோடு இருக்கிறோம். கம்ப்யூட்டர் வேலை அவளுக்கு. போன வாரம் அவளுக்கு நல்ல காய்ச்சல். மத்தியானம் முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தாள். தலையை மடியில் எடுத்து வைத்து, “இன்னாமே, ரொம்ப நோவுதா? கொஞ்சம் தூங்கு கண்ணு,” என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, அதுவாக வந்தது. அவள் உடம்பு மெல்லத் தளர்ந்தது. கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

“அத்தை எப்பம்மா வந்தாங்க?”

“இப்பத்தாமே,” என்றேன். தூங்கிப்போனாள்.