ஹெல்மெட்டுக்குள் ரொட்டி

செவ்வாய், இரவு.

கதவுக்குப் பின்னால் தொங்கும் அவருடைய பழைய ஹெல்மெட்டில் இன்று எறும்பு மொய்த்திருந்தது. உள்ளே, கோதுமையை முளைகட்டி அரைத்து நான் சுடும் ரொட்டியின் ஓரத் துண்டுகள், பூசணம் பிடித்துக் கிடந்தன. அவருக்கு ஓரம்தான் பிடிக்கும்.

அவர் எங்களை விட்டுவிட்டுப் போனது எஸ்டேட் முழுக்கத் தெரியும். பிள்ளைகளிடம் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. "அப்பாவுக்கு போர்ட்டிக்சன் டவுன்ல நைட் ஷிப்ட் லா. நீங்க தூங்குனப்புறம் வந்துட்டுப் போறாரு" என்று சொல்லி வைத்திருந்தேன்.

துண்டுகளைக் குப்பையில் கொட்டும்போது சின்னவள் பார்த்துவிட்டாள்.

"அப்பாவுக்கு நம்ம ரொட்டி பிடிக்கலையாம்மா?"

கையைக் கழுவினேன்.

படுக்கும் முன் பெரியவளும் சின்னவளும் புதுத் துண்டு ஒன்றை ஹெல்மெட்டுக்குள் வைத்தார்கள். சற்று முன் அதை எடுத்து நானே தின்றேன். அவர்கள் நம்புவதற்காகக் கொஞ்சம் துகளை உள்ளேயே விட்டிருக்கிறேன்.