சும்மா நடப்பதற்கு ஓர் ஊசி

பிப்ரவரி 3

அன்புள்ள ஃபோர்மேன் அவர்களுக்கு,

உங்கள் பூச்சி எழுதுவது. இங்கே நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். மெஷின் பூட்டப் போன ஊரில், காகித மில் கேன்டீன் சாப்பாட்டை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே இரண்டாவது தட்டையும் காலி செய்வீர்கள் என்று எனக்குத் தெரியாதா?

தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அதை முடித்துவைப்பது நீங்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. கடைசி வரி வரை படித்தே ஆக வேண்டும். அதற்காகவே தடிப்பான பேனா ஒன்று வாங்கியிருக்கிறேன். கையெழுத்து கோழி கிளறியது போலத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று மூட்டு டாக்டரிடம் போனேன். நீங்கள் இல்லாமல் போனது இதுதான் முதல் தடவை. டாக்டரம்மா எப்போதும்போல, "வலி எவ்வளவு, பத்துக்கு எத்தனை?" என்று கேட்டார். நானும் எப்போதும்போலப் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே என் கைப்பை உட்கார்ந்திருந்தது. அவரும் கைப்பையைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சார்தானே எப்பவும் சொல்வாரு, 'நமக்கு ஏழு டாக்டர்'னு? இன்னிக்கு நீங்க சொல்லுங்க."

"கையில நாலுதான் டாக்டர். பாதத்துலதான் எட்டு."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "பாதத்துலயா? எப்பலேருந்து?"

"ரொம்ப வருஷமா."

"ஏம்மா சொல்லல?"

யாரும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அது முழு உண்மை இல்லை. அவர் கேட்டார், நீங்கள் பதில் சொன்னீர்கள், நான் தலையாட்டினேன். அதுதான் நடந்தது.

செருப்பைக் கழற்றச் சொல்லி, விரல்களுக்குக் கீழே ஒவ்வோர் இடமாக அழுத்திப் பார்த்தார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. "காலை ஊனினா கூழாங்கல் மேல நிக்கிற மாதிரி இருக்கு டாக்டர்" என்றேன். பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். "இந்த முடக்குவாதம் கொஞ்சம் அடங்கிடுச்சுன்னு வைங்க, முதல்ல என்ன செய்யணும்னு உங்களுக்கு ஆசை?"

நீங்கள் இருந்திருந்தால், "கேக்குல ரோஜா போடுற கை டாக்டர், அவளுக்குக் கைதான் எல்லாம்" என்று சொல்லியிருப்பீர்கள். பேக்கரியில் ஐசிங் கோனைப் பிதுக்கிப் பிதுக்கி நான் போட்ட ரோஜாக்களைக் கொட்டினால் நம் தெருவே மூழ்கிப்போகும். உங்களிடம் ஒரு ரகசியம் சொல்கிறேன். எனக்கு ரோஜா போட்டு அலுத்துவிட்டது.

"நடக்கணும் டாக்டர்" என்றேன்.

"எங்க?"

"எங்கயும் இல்ல. சும்மா."

வேலை முடிந்ததும் பேக்கரியிலிருந்து வாய்க்கால் ஓரமாகத் தனியாக வீடு வரைக்கும். அவ்வளவுதான் என் பேராசை. நீங்கள் தினமும் வாசலில் ஸ்கூட்டரோடு நிற்பீர்கள், நானும் ஏறி உட்கார்ந்துகொள்வேன். அதைக் குறையாகச் சொல்லவில்லை. கொஞ்சம் குறையாகவும்தான் சொல்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வாரம் ஒரு நாள் போடும் மாத்திரையைக் கூட்டலாம், ஆனால் மறுநாள் முழுக்கக் குமட்டலோடு படுத்துக்கிடப்பேனே, அது இன்னும் மோசமாகலாம். இல்லையென்றால் மாத்திரையோடு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வயிற்றிலோ தொடையிலோ நானே போட்டுக்கொள்ளும் ஊசி ஒன்று சேர்க்கலாம். நூறு புள்ளி போட்ட ஒரு தாளைக் காட்டி, இத்தனை பேருக்கு நன்றாகக் கேட்கும், இத்தனை பேருக்குக் கேட்காது, இந்த நாலைந்து பேருக்குப் பெரிய தொற்று வந்து ஆஸ்பத்திரியில் படுக்கும்படி ஆகலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். "எது நல்லதுன்னு நீங்களே சொல்லிடுங்களேன்" என்றேன். "மருந்தைப் பத்தி எனக்குத் தெரியும். உங்க நாள் எப்படிப் போகணும்னு உங்களுக்குத்தான் தெரியும். ரெண்டையும் சேர்த்து வெச்சுப் பேசித்தான் முடிவு எடுக்கணும்" என்றார்.

என் மனசு ஊசிப் பக்கம் போகிறது. பதினாலாம் தேதி ரத்தப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும். உங்களிடம் சொல்லாமல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. இதற்காகப் போன் செய்யாதீர்கள், எழுதுங்கள்.

உங்கள்,
பூச்சி


பிப்ரவரி 9

அன்புள்ள பூச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. படித்த கையோடு போனை எடுத்தேன், நீ சொன்னதற்காக வைத்துவிட்டேன். எனக்கு எழுத வராது என்று தெரிந்தே இந்தத் தண்டனை கொடுத்திருக்கிறாய்.

இங்கே ரோலர்களை எல்லாம் ஏற்றியாகிவிட்டது. ஒன்று மட்டும் மயிரிழை தள்ளி நின்றுகொண்டு எங்கள் உயிரை வாங்குகிறது. காகிதம் ஓடவிட்டால் அந்த இடத்தில் வந்து கிழிகிறது. எல்லோரும் அதற்கடியில் படுத்துக்கிடக்கிறோம்.

பாதத்தில் எட்டு என்கிறாய். இத்தனை வருஷம் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? நான் என்ன பேயா, பிசாசா? நான் ஏழு என்று சொன்னதைக் கிண்டல் செய்கிறாயே, ஏன் சொன்னேன் தெரியுமா? மெஷினில் சத்தம் வருகிறது என்று ஆபீசுக்கு எழுதினால் ஒருவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். மெஷின் நின்றுபோச்சு என்று எழுதினால்தான் ஸ்பேர் வரும். நாலு என்று சொல்லியிருந்தால் அந்த அம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார்.

ஊசி வேண்டாம். எங்கள் வெல்டருடைய பெரியப்பா இதே மாதிரி ஊசி போட்டு, நெஞ்சில் சளி கட்டி, ஒரு மாதம் ஆக்சிஜனில் கிடந்தாராம். அவன் சொல்லச் சொல்ல எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலைக்குப் போக முடியவில்லை, கை வரவில்லை என்றால் யோசிக்கலாம். சும்மா நடப்பதற்கா ஊசி? எங்கே போக வேண்டும் என்று சொல், நான் கொண்டுபோய் விடமாட்டேனா?

நான் வரும்வரை பொறு. நான் பார்த்துக்கொள்கிறேன். நீ மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

அன்புடன்,
உன் வீட்டுக்காரன்


பிப்ரவரி 25

ஃபோர்மேன் அவர்களுக்கு,

அன்புள்ள என்று எழுத இன்று கை வரவில்லை. அதற்குக் காரணம் முடக்குவாதம் இல்லை.

பதினாலாம் தேதி பேக்கரியில் அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். முன்னால் உட்கார்ந்திருக்கிற பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் போன் பண்ணாரே, ஊசி வேண்டாம்னு முடிவாயிடுச்சுன்னு. அதனால டெஸ்ட்டைக் கேன்சல் பண்ணிட்டோம்" என்றாள். சுற்றி அத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் என்ன பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பிள்ளையா? எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை. டாக்டரம்மாவைப் பார்க்காமல் நகரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அவர் என்னை உள்ளே கூப்பிட்டு, விசாரிக்காமல் கேன்சல் செய்ததற்கு முதலில் வருத்தம் சொன்னார். "இன்னிக்கே ஊசியைக் குடுங்க டாக்டர்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அவர் வேண்டாம்னு சொன்னதுக்காக நான் நிறுத்த மாட்டேன். நீங்க கோவத்துல வேணும்னு சொல்றதுக்காக ஆரம்பிக்கவும் மாட்டேன். ரெண்டு நாள் போகட்டும். அப்பவும் வேணும்னா வாங்க" என்றார்.

இரண்டு நாளும் யோசித்தேன். உங்கள் வெல்டரின் பெரியப்பாவையும் சேர்த்துத்தான் யோசித்தேன். திரும்பிப் போனபோது டாக்டரம்மாவிடம் அந்தப் பெரியப்பா கதையையும் சொல்லிக் கேட்டேன். உடம்புக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் காசநோய் ஊசியால் விழித்துக்கொள்ளலாம், அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தப் பரிசோதனையே, ஆனால் வேறு தொற்று வராது என்று உத்தரவாதம் தரமுடியாது என்றார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. பயத்தோடுதான் சரி என்றேன். பரிசோதனையில் ஒன்றும் இல்லை. நேற்று நர்ஸ் பக்கத்தில் நிற்க, என் வயிற்றுச் சதையைப் பிடித்து நானே குத்திக்கொண்டேன். எறும்பு கடித்த மாதிரிதான்.

சும்மா நடப்பதற்கா என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரி என்னைச் சுட்டுவிட்டது. வேலைக்குப் போவதற்கு மட்டும்தான் இந்த உடம்பு நன்றாக இருக்க வேண்டுமா? சும்மா இருப்பதற்கு அதற்கு யோக்கியதை இல்லையா?

இது அனுமதி கேட்கும் கடிதம் இல்லை. தகவல்.

இப்படிக்கு,
பூச்சி


மார்ச் 20

அன்புள்ள உங்களுக்கு,

பதில் இல்லை. போனில் "சாப்பிட்டியா", "கேஸ் சிலிண்டர் வந்ததா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறீர்கள். கோபித்துக்கொள்ள வேண்டியவள் நான். என் வேலையையும் நீங்களே பார்க்க ஆரம்பித்துவிட்டீர்கள்.

ஊசிகளை ஃப்ரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இதுவரை பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. தெரிய மூன்று மாதம்கூட ஆகலாமாம். போன வாரம் தொண்டை கரகரத்துக் காய்ச்சல் அடித்தது. வெல்டரின் பெரியப்பா கண் முன்னால் வந்து நின்றார். கிளினிக்குக்கு உடனே போன் செய்தேன். வரச் சொல்லிப் பார்த்துவிட்டு, சாதாரண ஜலதோஷம்தான், சரியானதும் ஊசியைப் போடலாம் என்று தள்ளிவைத்தார்கள். இப்போது தேவலை. உங்களிடம் மறைத்ததாக இருக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

பேக்கரி முதலாளியிடம் ரோஜாவை விட்டுவிட்டு விற்பனைப் பக்கம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே, அடுப்பில் மறந்த ரொட்டிதான்.

இரண்டு வரியாவது எழுதுங்கள்.

பூச்சி


மார்ச் 29

அன்புள்ள பூச்சிக்கு,

நாலு கடிதம் எழுதிக் கிழித்துப்போட்டேன். முதல் மூன்றில் நியாயம் என் பக்கம் இருந்தது. நாலாவதில் அது கொஞ்சம் கொஞ்சமாக உன் பக்கம் நகர்ந்துவிட்டது.

கிளினிக்குக்குப் போன் செய்தது தப்பு. அந்தப் பெண் உன்னிடம் அத்தனை பேருக்கு முன்னால் அப்படிச் சொன்னாள் என்று படித்தபோது எனக்கே கூசிப்போனது. நல்லது செய்கிறேன் என்றுதான் போனை எடுத்தேன். உன்னைக் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அதுதான் எனக்கு இப்போது பெரிதாக உறுத்துகிறது.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம். உனக்கு ஒன்று என்றால் நான் என்ன செய்வேன்? சமைக்கவும் துவைக்கவும் எனக்குத் தெரியும், அதைச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து யாரிடம் வாயாடுவேன்? காய்ச்சல் என்று நீ எழுதியதைப் படித்த அன்று ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டேன், கீழே நின்றவன் தப்பியது அவன் நல்ல நேரம்.

இன்னமும் எனக்கு அந்த ஊசியைப் பிடிக்கவில்லை. அது என் பாடு. நடந்தாயா என்று மட்டும் எழுது.

உன் வீட்டுக்காரன்


ஜூன் 8

அன்புள்ள ஃபோர்மேன் அவர்களுக்கு,

நடந்தேன்!

போனில் சொல்லாமல் அடக்கி வைத்திருந்தேன், எழுதத்தான் வேண்டும் என்று. முதலில் மருந்துக்கடை வரை. அடுத்த வாரம் பாலம் வரை. நேற்று முழுத் தூரமும். வழியில் ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு நாய் கூடவே வந்துவிட்டு அதன் வேலையைப் பார்க்கப் போனது. ஒருவர் மீன்பிடித்துக்கொண்டிருந்தார், மீன் சிக்கவில்லை. யாரும் என்னிடம் ஜாக்கிரதை என்று சொல்லவில்லை. எனக்குச் சொல்லத் தெரியாத சந்தோஷம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன்.

பாதம் இப்போது மூன்றுதான். கை மட்டும் நாலை விட்டு நகரமாட்டேன் என்கிறது. நாலோடு எனக்குச் சண்டை இல்லை. குமட்டல் நாள்தான் பிடிக்கவில்லை, மாத்திரையைக் குறைக்கலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். இருபத்தேழாம் தேதி பார்த்து முடிவு செய்யலாம் என்றார். கூடவே, "ராத்திரியில எப்படி இருக்கு? கூட இருக்கிறவங்க கண்ணுக்கு மட்டும் படுற மாதிரி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? நான் தூங்குகிறவள்.

நீங்கள் இருபத்தைந்தாம் தேதி வந்துவிடுவீர்கள். இருபத்தேழாம் தேதி என்னோடு டாக்டர் அறைக்குள்ளே வாருங்கள். என் வலிக்கு மார்க் போடுவதை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த ராத்திரிக் கேள்விக்குப் பதில் உங்களிடம்தான் இருக்கும். யோசித்து எழுதுங்கள்.

உங்கள்,
பூச்சி


ஜூன் 15

அன்புள்ள பூச்சிக்கு,

நாய் கூட வந்ததை மூன்று தடவை படித்தேன். நன்றாக இருக்கிறது.

டாக்டர் அறைக்குள் நானாகத்தான் எப்போதும் நுழைந்திருக்கிறேன். என்னைக் கேட்டுக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. ஆகையால் யோசித்து எழுதுகிறேன்.

நீ தூங்கும்போது இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் விரல்களை ஊதுகிறாய். சூடு பட்ட குழந்தை ஊதுவதுபோல. எல்லா நாளும் இல்லை, மழை நாளில் அதிகம். பல வருஷமாக இப்படித்தான். ஒரு நாள் காலையில், தூக்கம் எப்படி என்று கேட்டேன். "அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்" என்று சிரித்தாய். அதற்கு மேல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டாக்டரிடம் கை, கை என்று அடித்துக்கொண்டதெல்லாம் அதைப் பார்த்துவிட்டுத்தான். விழித்திருக்கும்போது நீ காலை எப்படி ஊன்றுகிறாய் என்று மட்டும் நான் பார்க்கவே இல்லை.

இதை டாக்டரம்மாவிடம் சொல்லலாமா? மாத்திரையைக் குறைக்கும் முடிவுக்கு இது இடைஞ்சலாகவும் போகலாம். நீ வேண்டாம் என்றால் வாயைத் திறக்க மாட்டேன்.

உன் வீட்டுக்காரன்


ஜூன் 20

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தை வைத்துவிட்டு என் கைகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கே தெரியாத என் வலியை நீங்கள் இத்தனை வருஷம் தனியாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். எனக்கு அழுகை வந்தது, இந்த முறை அழுதேன்.

சொல்லுங்கள். நான் பக்கத்தில் இருக்கும்போதே, எனக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள். மாத்திரையைக் குறைப்பதா வேண்டாமா என்று அதற்குப் பிறகு நான் சொல்கிறேன்.

உங்கள்,
பூச்சி