புளி தேய்த்த இன்ஜின் மூடி

ஐப்பசி 4, திங்கள்

காலையிலிருந்து தூறல். மடப்பள்ளியில் இன்று என் முறை இல்லை. மாடிப்படிக்குக் கீழே புல்லட்டை நிறுத்தி, இன்ஜினின் வலப்பக்க மூடியைக் கழற்றினேன். அலுமினியமா சிமெண்டா என்று சந்தேகம் வரும் நிறம். பழைய லேக்கர் பூச்சு மஞ்சளாகி, திட்டுத் திட்டாக உரிந்து கிடக்கிறது.

வாங்க வேண்டியவை: வாட்டர் பேப்பர் (உப்புத்தாள்) நானூறு, எண்ணூறு, ஆயிரத்து ஐநூறு நம்பர். மெட்டல் பாலிஷ். மெழுகு. வேதாவுக்குத் தைலம்.

என் மனைவி வேதா, மாடியில் எங்கள் வீட்டு ஜன்னலில். சித்திரையில் இதே படியில் வழுக்கி விழுந்து கால் முறிந்தவள். எலும்பு கூடிவிட்டது, நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியாயிற்று. படியில் கால் வைக்கவே மாட்டேன் என்கிறாள் மகராசி.

"வண்டி பளபளன்னு ஆகட்டும். திருப்பதி மலையடிவாரத்துல, அலிபிரியில வண்டிக்குப் பூஜை போடலாம். பின்னாடி உக்காந்து வா."

"பாக்கலாம்னா."

அந்தப் 'பாக்கலாம்' எனக்குத் தெரியும்.

5, செவ்வாய்

லேக்கரை உரித்தாயிற்று. தண்ணீர் விட்டு நானூறு. தோள் போயிற்று. மெக்கானிக் முனிரத்தினம், குடிபாலா ஊர்க்காரர், வழியில் நின்றார். "இன்னா சாமி, கையாலயே தேச்சிக்கினு கீறீங்க? மிஷின்ல குடுத்தா அரை அவர்ல முட்ஞ்சிடும்."

வேண்டாம் என்றேன். மறுபடி லேக்கரும் வேண்டாம், மஞ்சளாகும். மெழுகு போதும். மாதாமாதம் பூச வேண்டும், பூசினால் போயிற்று.

சாதத்துக்கு வேதா வைத்த சாற்றமுதில் உப்பு இல்லை. நானே போட்டுக்கொண்டேன்.

6, புதன்

வெயில். ஆயிரத்து ஐநூறும் முடிந்து பாலிஷ். துணி கறுக்கக் கறுக்க மூடி வெளுத்தது. என் மூக்கே அதில் தெரிந்தது. பெரிய அழகில்லை, ஆனாலும் சந்தோஷம். மாடிக்கு எடுத்துப் போனேன். வேதா அதில் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள். கீழே வந்து மூடியை வண்டியில் மாட்டிவிட்டு மடப்பள்ளிக்கு ஓட்டம். மெழுகு நாளைக்கு.

7, வியாழன்

வண்டியை வீட்டில் விட்டு மடப்பள்ளி போய், மத்தியானம் திரும்பினால் மூடி சாம்பல் நிறம். கோடு கோடாகக் கீறல். தரையில் புளிச் சக்கை, கல்லுப்பு, தேங்காய் நார். சுர்ரென்று ஏறியது. "எவன் வேலை இது?"

"நான்தான்னா," மேலிருந்து. "நாளைக்கு வெள்ளிக்கிழமையாச்சேன்னு வெளக்கு தேய்ச்சேன். புளி மிச்சம் இருந்தது. உங்களுக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு..."

"அலுமினியத்துல புளியா? உப்பு வேறயா?" கத்திவிட்டேன். வீட்டில் பித்தளையும் எவர்சில்வரும் தவிர ஒரு அலுமினியக் கரண்டிகூடக் கிடையாது. அவளுக்கு எப்படித் தெரியும்?

பாதிப் படி ஏறிய பிறகுதான் உறைத்தது. மூடி கீழே, வண்டியில் அல்லவா இருந்தது?

"நீ எப்படி எறங்கினே?"

"கைப்பிடியைப் பிடிச்சுண்டு. உக்காந்து உக்காந்து."

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர். எழுதிவைக்கிறேன், யார் பார்க்கப் போகிறார்கள்.

8, வெள்ளி

மறுபடி எண்ணூறிலிருந்து. கடைசிப் படியில் வேதா, மடியில் துணி. பாலிஷ் அவள்தான். மெழுகும் அவள்தான்.

"இதுல புளியே படக்கூடாதோ?"

"எலுமிச்சையும்தான்."

முனிரத்தினம் எட்டிப் பார்த்தார். "அம்மா எறங்கி வந்துட்டாங்க. இனிமே சாமிக்கு வேல பூடுச்சு."

10, ஞாயிறு

அலிபிரி. வழியெல்லாம் என் தோளில் வேதாவின் பிடி. "மெதுவா, மெதுவா" என்றபடியே வந்தாள். பூஜை செய்தவர் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். இன்னொன்றை அறுத்து, குங்குமம் தோய்த்து, நேராக இன்ஜின் பக்கம் வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் வேதா வண்டியிலிருந்து இறங்கி, முந்தானையால் மூடியை மறைத்துக்கொண்டு குறுக்கே நின்றாள்.

"அக்கட வத்து சாமி, அங்க வேண்டாம். எல்லாத்தையும் டயருக்கே வெச்சுடுங்கோ."