ஜால்ராவுக்கு ஒரு வால்வு ஆம்ப்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து மழை. மாயாபந்தர் முழுக்கக் கரண்ட் இல்லை. பவர்ஹவுஸில் ஜெனரேட்டர் ஓட்டுகிறவன் வீட்டிலேயே மெழுகுவத்தி. நல்ல பிழைப்பு.

போர்ட் பிளேரில் எடுத்த காது டெஸ்ட் ரிப்போர்ட் இன்னும் பையில். இரண்டு காதும். கனமான சத்தத்துக்குக் கோடு ஒழுங்காக வருகிறது, கீச்சுச் சத்தம் தொடங்கியதும் குழியில் விழுகிறது. ஜெனரேட்டர் தின்ற காது திரும்பாது என்றார் டாக்டர். காதில் மிஷின் வைத்தால் பேச்சு கொஞ்சம் புரியுமாம். ஜால்ரா கேட்குமா என்றேன். சிரித்தார்.

சிரிக்க என்ன இருக்கிறது? செல்வி வெள்ளிக்கிழமை பஜனையில் ஜால்ரா தட்டுகிறவள். என் பெண்டாட்டி தட்டுவது எனக்குக் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

ஜூன் 11, புதன்

டூட்டி இல்லை. நாள் முழுக்க லேப்டாப்பில் சிமுலேஷன். காது ரிப்போர்ட்டையும் ஒரு சர்க்யூட்டாகப் போட்டுவிட்டேன். காதும் ஒரு ஃபில்டர்தானே. அது சத்தத்தை எங்கே இறக்குகிறதோ, நான் கட்டப்போகிற ஆம்ப்ளிஃபயர் அங்கே ஏற்றட்டும். ஆம்புக்குப் பழைய ரேடியோவில் இருக்குமே, அந்தக் கண்ணாடி வால்வுதான் சரி. அளவு மீறினாலும் ட்ரான்சிஸ்டர் மாதிரி சத்தம் சட்டென்று கிழியாது.

இரண்டு வால்வு போதவில்லை. மூன்று. சாயங்காலம், ஆம்ப் + என் காது = நேர்கோடு! எழுந்து நின்று பார்த்தேன்.

"கோடு நேரா வந்தா நல்லதாங்க? ஈ.சி.ஜி.ல நேரா வந்தா ஆள் காலின்னு சொல்வாங்களே" என்றாள் செல்வி. வாயைப் பார் இவளுக்கு.

ஜூன் 15, ஞாயிறு

வாங்க: அரிசி, கொசுவத்தி, செல்விக்குத் தைல டப்பா. மெயின்லேண்டிலிருந்து வால்வு, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர்.

ஷிஃப்டில் கூட இருக்கும் பிஸ்வாஸ்: "அரே அண்ணா, ஸ்பீக்கர் டீக் ஹை. கான் கராப் ஹை." ஸ்பீக்கர் சரியாம், காதுதான் கெட்டதாம். எனக்குத் தெரியாதா? அந்தக் காதுக்காகத்தானே ஆம்ப். உன் காதிலாவது பஞ்சு வைடா என்றால் கேட்க மாட்டான்.

ஜூலை 6, ஞாயிறு

கப்பலில் பார்சல் வந்து ஒரு வாரம். இன்று முடித்தேன். வால்வு மூன்றும் சிவந்தன. செல்வி போனில் பதிந்த பஜனையைப் போட்டேன்.

பாட்டு வந்தது. ஜால்ரா இல்லை. ஏற்றினேன். இல்லை. முழுக்கத் திருகினேன்.

செல்வி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். தெரு நாய் ஊளை. பிஸ்வாஸ் ஜன்னலில் வந்து "பந்த் கரோ! பந்த் கரோ!" என்று நிறுத்தச் சொல்கிறான். கீச்சுச் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கரை, ட்வீட்டரை, தொட்டால் சுடுகிறது. அப்படியானால் சத்தம் வந்திருக்கிறது. எல்லோருக்கும்.

சர்க்யூட் சரி. பிசகு என் கணக்கில். சத்தத்தைக் குறைத்துக் கொடுக்கிற காது என்று போட்டேன். கீச்சு வரும் இடத்தில் காதே இல்லை. செத்த இடத்தில் எவ்வளவு ஊற்றி என்ன? டாக்டரைத் திட்ட வேண்டும் போல இருந்தது. பிறகு யாரையும் திட்டத் தோன்றவில்லை.

ஜூலை 11, வெள்ளி

மழை விட்டது. கோவிலில் செல்வி வெறும் கையோடு பாடினாள். ஜால்ரா வீட்டு அலமாரியிலேயே கிடந்திருக்கிறது. வந்ததும் கேட்டேன்.

"உங்களுக்குக் கேக்காதத நான் எதுக்குங்க தட்டணும்?"

கோபம் வந்துவிட்டது. என் காது போனால் உன் கைக்கு என்ன வந்தது என்று கத்தினேன். அழுதாள். நானும்தான். எடு, தட்டு என்றேன். எதிரே உட்கார்ந்து தட்டினாள். கண்ணை மூடிக்கொண்டேன்.

தட்டுகிறாளா, நிறுத்திவிட்டாளா, தெரியவில்லை.