பாக்கியம் அக்கா மாற்றிச் சொன்ன கதை

என் அன்பு அக்கா, பாக்கியம் அக்கா,

இந்தக் கடிதத்தை மூன்று தரம் தொடங்கி மூன்று தரமும் எழுந்துவிட்டேன். ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. தேநீர் போடுகிறேன், குடிக்க மறந்துபோகிறேன். உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும், ஒன்று சொல்லவும் வேண்டும். எது முதலில்?

ஹரோவில் அந்தச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நினைவிருக்கிறதா? பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு அம்மாமார் எல்லோரும் கதிரைகளை இழுத்துப்போட்டுக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். நான் மட்டும் வாசலுக்கும் சுவருக்குமாக நடந்துகொண்டிருந்தேன். சைக்கிளில் சாவகச்சேரிக்குப் போன என் தம்பி ரவி திரும்பவில்லை என்று ஊரிலிருந்து அம்மா எழுதிய காலம் அது. அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை.

"நடந்து நடந்தே தரையத் தேய்ச்சிடுவ போல," என்றீர்கள். நேர்ஸ் படிப்புக்காக மலேசியாவிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட உங்கள் தமிழ் எனக்குப் புதிதாக இருந்தது. "வகுப்பு முடிய மூணு மணி நேரம் இருக்கு. வா, ரயில் ஏறலாம்."

"எங்கையக்கா?"

"எங்கயாச்சும்."

மெட்ரோபொலிட்டன் லைனில் அரை மணி நேரம். பிறகு ஒரு சின்ன நடை. அந்தக் கிராமத்துத் தபாற்கந்தோரில், ஊரின் பழைய இடங்களைச் சுற்றிப் பார்க்க ஒரு கேசட் பெட்டியும் ஹெட்ஃபோனும் இரவலாகத் தந்தார்கள். தேவாலயத்தில் நில், இடப்பக்கம் திரும்பு, மேலே பார் என்று ஒரு கிழவரின் குரல் வழி சொல்லும். எனக்கு அப்போது இங்கிலிஷ் விளங்காது. நீங்கள் கேட்பீர்கள், பட்டனை அமர்த்தி நிறுத்துவீர்கள், பிறகு தமிழில் சொல்வீர்கள். அந்தக் காலத்தில் குடிகாரர்களை அடைத்துவைத்த கோழிக்கூடு போன்ற கல் அறையைக் காட்டி, "எங்க வீட்டுக்காரர இங்கயே விட்டுட்டுப் போயிடலாமா?" என்று கேட்டீர்கள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன்.

எட்டாவது இடம், தண்ணீரில் சுற்றும் பழைய மாவு ஆலைக்குப் பக்கத்துச் செங்கல் வீடு. அங்கே கேசட்டை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தீர்கள். வார்த்தை தேடுகிறீர்கள் என்று நினைத்தேன்.

"இந்த வீட்டுப் பையன் முதல் உலகப் போருக்குப் போனானாம். அக்காக்காரி தினமும் அந்த வளைவுல போய் நின்னு பார்ப்பாளாம். போர் முடிஞ்சு மூணு வருஷம் கழிச்சு நடந்தே வந்துட்டான். தாடி வச்சிருந்தான், அவளுக்கே அடையாளம் தெரியலையாம்."

அந்த வருடம் எத்தனை தரம் போயிருப்போம்! ஒவ்வொரு தரமும், "இன்னொருக்காச் சொல்லுங்கோ அக்கா," என்று கெஞ்சுவேன். நீங்களும் சொல்வீர்கள். ஒருநாள் தாடி நரைத்திருக்கும், இன்னொருநாள் அவன் நொண்டி நடப்பான்.

அப்படி இரண்டாந்தரமும் சொல்லச் சொல்லி நான் கேட்ட ஒரு நாளில்தான் ரயிலைத் தவறவிட்டோம். நாங்கள் வந்து சேர்ந்தபோது பள்ளிக்கூட வாசல் பூட்டிக் கிடந்தது. உங்கள் மகனும் என் மகளும் மழையில் நனைந்துகொண்டு நின்றார்கள். பக்கத்தில் என் கணவர்.

"எங்கை போனனீர்?" என்று சத்தம் போட்டார்.

"அக்காதான் மினக்கெடுத்தி ரயிலை விடப்பண்ணிப்போட்டா," என்றேன்.

நீங்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆமா தம்பி, என் தப்புதான்," என்றீர்கள்.

வெட்கத்தில் அதன் பிறகு நான் உங்கள் பக்கம் வரவேயில்லை. நீங்கள் கை காட்டினாலும் குனிந்துகொண்டு போனேன். அடுத்த வருடம் உங்கள் மகன் வகுப்பை விட்டுவிட்டான். போன மாதம் ஒரு கலியாண வீட்டில்தான், நீங்கள் புற்றுநோயில் போய்ச் சேர்ந்து பத்து வாரமாகிறது என்று யாரோ பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள். கையில் சாப்பாட்டுக் கோப்பையோடு நின்றேன். உடம்புக்கு வருத்தமென்று எனக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா? போட்டிருந்தால் எடுத்திருப்பேனா?

போன சனிக்கிழமை தனியாக அந்தக் கிராமத்துக்குப் போனேன். இந்த ஐந்து வருடமாகக் கடையில் வேலைக்கு நின்று நின்று எனக்கு இப்போது இங்கிலிஷ் விளங்குகிறது அக்கா. அதே கேசட்தான். எட்டாவது இடத்தில் ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு முதன்முதலாக நானே கேட்டேன்.

அவன் வரவில்லை. அந்தக் கிழவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். பையன் பிரான்சில் செத்துப்போனானாம், உடல் கிடைக்கவில்லையாம். அக்கா கடைசிவரை கலியாணம் கட்டாமலே இருந்து அந்த வீட்டிலேயே இறந்துபோனாளாம். பின்னுக்குச் சுற்றி மறுபடி கேட்டேன். பிறகு போரில் செத்தவர்களின் பெயர்களை வெட்டிப் புல்வெளியில் நிறுத்தியிருக்கும் கல் சிலுவைக்குப் போய், பெயர்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுத் தேடினேன். அவன் பெயர் கீழே இருந்தது.

உங்களோடு கோபித்துக்கொண்டு அந்தப் புல்வெளியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். ஏன் அக்கா பொய் சொன்னீர்கள்? அந்தத் தாடிக்காரனை நம்பித்தான் இத்தனை வருடமும் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே உடைந்துபோயிருப்பேனா? இல்லை, கொஞ்சம் நித்திரையாவது கொண்டிருப்பேனா? எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும், ரயிலைத் தவறவிட்டது என்னால்தான் என்று இவரிடம் சொன்னேன். பேப்பரைக் கீழே வைத்தார்.

"அதை அந்த மனுசியிட்டையெல்லோ சொல்லியிருக்கவேணும்," என்றார்.

அதனால்தான் அக்கா, பிந்தித்தான் என்றாலும், உங்களிடம் சொல்கிறேன். பிழை என்னுடையது.

இன்னொன்றும் இருக்கிறது. காணாமற்போனவர்களைத் தேடித் தரும் அலுவலகம் ஒன்றின் படிவத்தை இவர் எப்போதோ வாங்கி வந்தார். அதை நிரப்பினால் ரவி காணாமற்போனான் என்று நானே கையெழுத்து வைத்தது போலாகிவிடும் என்று தொடாமலே விட்டிருந்தேன். இப்போது அது என் முன்னால் இருக்கிறது. பெயர் எழுதிவிட்டேன். பிறந்த திகதி எழுதிவிட்டேன். கடைசியாக என்ன உடுத்திருந்தான் என்று கேட்டிருக்கிறார்கள். அதை அம்மாவிடம்தான் கேட்கவேண்டும். இன்றைக்கே எழுதிக் கேட்கிறேன். பதில் வந்ததும் படிவத்தை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர்கள் என்ன செய்தி சொன்னாலும் நின்று கேட்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் பேரில் பழியைப் போட்ட, ஆனாலும் உங்கள் தங்கச்சி,
மலர்